நீ பார்த்தது பதினோரு நாள்

என் சிராய்க்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், நலமில்லை என்று எழுதினால் பயந்து போவாய், அதனால் கால் வீக்கம் வடிந்துவிட்டது, வேளைக்குச் சாப்பிடுகிறேன், தூக்கம் வருகிறபோது தூங்குகிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், உன் இடுப்பு வலி குறைந்திருக்க வேண்டும். இதைப் போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ ஒன்பது வார்த்தை சொல்கிறாய், அப்புறம் அழுகிறாய், அப்புறம் நான் உன்னைத் தேற்றிவிட்டு வைத்துவிடுகிறேன், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. கீழ்வீட்டுத் தையல்கார அக்கா இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இன்றைக்கே உனக்கு அனுப்பிவிடுகிறேன் என்றிருக்கிறாள். நான் நாலாவது வரைக்கும்தான் படித்தவள், எழுத்து கோணலும் மாணலுமாக இருக்கும், புரியாவிட்டால் இன்னொரு தரம் படித்துக்கொள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு உன் மேல் கோபம். போன ஞாயிற்றுக்கிழமை உன் சித்தப்பாவிடம் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறாய். என்ன பேசினாய் என்று உன் சித்தி வந்து ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டாள். அப்பாவுக்குச் செய்த மாதிரி உங்கள் முகத்தையும் வெட்டிப்போட விடாதீர்கள் சித்தப்பா, கத்தி வைக்காமல் மருந்து ஏற்றியே கரைக்கிற வழி இருக்கிறது, வீடியோ அனுப்புகிறேன் பாருங்கள் என்றாயாம். முங்கப் போகிறவன் கையில் கயிறு கிடைத்த மாதிரி அவர் அதைப் பிடித்துக்கொண்டார். வருகிற வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தது. திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, எனக்கு வெட்டு வேண்டாம் மருந்துதான் வேண்டும் என்று சொல்லிவிட்டார், சித்தியிடமும் கேட்கவில்லை என்னிடமும் கேட்கவில்லை. வெட்டுகிற டாக்டர் பொறுமையான ஆள். அந்த வியாழக்கிழமையை இன்னும் யாருக்கும் தராமல் வைத்திருக்கிறேன், வருகிற திங்கள் மத்தியானத்துக்குள் முடிவாகச் சொல்லுங்கள், அதற்கு மேல் என்னால் முடியாது, வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறார். இன்றைக்குச் சனிக்கிழமை. அதனால்தான் அடுப்பில் பாலைக்கூட வைக்காமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சித்தப்பாவுக்குக் கட்டி இருப்பது எப்படித் தெரிய வந்தது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான்தான் கண்டுபிடித்தேன், டாக்டர் இல்லை. நம் வீட்டு ஆட்கள் வேலை பார்த்த மரச்சாமான் பட்டறையில் பாலிஷ் போடுகிறவர்கள் ஒரு பூச்சு காய்ந்துவிட்டதா என்று கையால் தொட்டுப் பார்க்க மாட்டார்கள், தொட்டால் ரேகை விழும். மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்ப்பார்கள், ஸ்பிரிட்டு வாசனை வந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, வராவிட்டால் அடுத்த பூச்சு போடலாம். நோய் தெரிய வருவதற்கு முந்தின எட்டு மாதமும் உன் அப்பா என்னைக் கூப்பிட்டு, இந்தா இதைக் கொஞ்சம் மோந்து பாரேன் என்பார். நானும் பக்கத்து மேஜையில் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தவள் ஓடிப் போய் மோந்து சொல்வேன். எனக்கு அதில் பெருமை வேறு. முப்பது வருஷம் வேலை தெரிந்த மனுஷன் என் மூக்கை நம்புகிறார் என்று சிரித்துக்கொள்வேன். அவருக்கு வாசனையே போய்விட்டது என்பதும், முதலாளிக்குத் தெரிந்தால் வேலையிலிருந்து இறக்கிவிடுவார் என்று மறைத்தார் என்பதும் எனக்கு அப்போது உறைக்கவில்லை. மூக்கில் லேசாக ரத்தம் வந்தது, தூசி என்றார். மேல் பல் வலித்தது, ரெண்டு பல்லைப் பிடுங்கிப் போட்டார், வலி போகவில்லை. கண் துருத்திக்கொண்டு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. அந்த எட்டு மாதத்துக்கு நானும் உடந்தை, அதை நான் யாரிடமும் சொல்லி ஆறிக்கொள்ள முடியாது. இந்த வருஷம் அப்பாவின் சாமான்களை எடுத்து வரப் பட்டறைக்குப் போயிருந்தேன். உன் சித்தி ஒரு அலமாரிக் கதவில் மூக்கை வைத்து, இன்னும் காயலைங்க என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். அந்த இடத்திலேயே அவர் சட்டையைப் பிடித்து, நடங்க தம்பி டாக்டர்கிட்ட என்று இழுத்தேன். அத்தனை பேர் முன்னால் அவருக்கு வெட்கமாகிவிட்டது. அண்ணி, உங்களுக்கு யாரு தும்மினாலும் அதுதான், நாளைக்குப் பூனை தும்மினாலும் ஸ்கேன் எடுக்கச் சொல்வீங்க என்று கிண்டல் பண்ணினார். எல்லாரும் சிரித்தார்கள். மூன்று வாரம் கழித்துச் சதை எடுத்துப் பார்த்த முடிவு வந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

முதலாளி இப்போது எல்லாருக்கும் மூக்கு மூடி வாங்கிக் கொடுத்திருக்கிறார். ரெண்டு வருஷம் முன்னால் உன் அப்பா தும்மிக்கொண்டிருந்தபோது வாங்கவில்லை. அதையும் ஒருத்தரும் போடுவதில்லை, போட்டால் மூச்சு முட்டுகிறதாம், பீடி பிடிக்க முடியவில்லையாம். வரிசையாக ஆணியில் தொங்குகிறது, அதன் மேலேயே மரத்தூள் படிந்து கிடக்கிறது. பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சரி, அந்த ரெண்டு வழியைப் பற்றி எழுதுகிறேன். படிக்காதவள் என்ன சொல்லப் போகிறாள் என்று நினைக்காதே, அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் நான் உட்கார்ந்த நேரத்துக்கு வேறு எவளாவது ஒரு பட்டமே வாங்கியிருப்பாள். கன்னத்து எலும்புக்குள்ளே, மூக்குக்குப் பக்கத்தில், வெறும் காற்று இருக்கிற அறைகள் இருக்கின்றன, அதுதான் சைனஸ். அங்கே வருகிற கட்டியில் பல ஜாதி. கெட்டி மரத்தின் தூளை வருஷக்கணக்காக மூச்சில் இழுத்தவர்களுக்கு வருகிறது ஒரு ஜாதி, அதுதான் அப்பாவுக்கும் வந்தது, சித்தப்பாவுக்கும் வந்திருக்கிறது. முற்றிப்போய்த்தான் தெரிய வரும், ஏனென்றால் காலி அறை, நிறைகிற வரைக்கும் சத்தம் போடாது. முதல் வழி, வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்துக்கு ஆறு வாரம் கரண்டு, அதுதான் கதிர், வைப்பது. வெட்டுவது என்றால் மேல்தாடை ஒரு பக்கம், தேவைப்பட்டால் கண்ணும். இரண்டாவது வழி, முதலில் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை என்று மூன்று தடவை மருந்து ஏற்றிப் பார்ப்பது, சுருங்கினால் சின்னதாக வெட்டலாம், இல்லை கரண்டும் மருந்தும் சேர்த்தே வைக்கலாம், கண் தப்பிக்கலாம். கேட்க இரண்டாவதுதான் இனிக்கும். எனக்கும் இனித்தது. உன் அப்பா விஷயத்தில் மருந்துதான் வேண்டும் என்று டாக்டர் மேஜைக்கு முன்னால் நின்று கெஞ்சியவள் நான். நான்தான் அவரை வெட்டக் கொடுத்துவிட்டேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். மருந்து டாக்டரும் வெட்டுகிற டாக்டரும் கரண்டு டாக்டரும் மூன்று பேரும் உட்கார்ந்து பேசிவிட்டுச் சொன்னார்கள், இந்த ஜாதி மருந்துக்குக் கொஞ்சப் பேருக்குத்தான் கேட்கும், யாருக்குக் கேட்கும் என்று முன்னாலேயே சொல்ல முடியாது, கேட்காவிட்டால் ஒன்பது வாரம் போயிருக்கும், அதற்குள் மூளைக்கு அடியில் இருக்கிற எலும்புக்கு ஏறிவிட்டால் பிறகு கத்தி வைக்கவே முடியாது என்று. அப்பா என்னைப் பார்த்துத்தான் பேசினார், டாக்டரைப் பார்த்து இல்லை. ஊறப்போட்டா வளையுற மரமும் இருக்கு, ஊறப்போட்டா வெடிக்கிற மரமும் இருக்கு, எனக்கு வந்திருக்கிறது எதுன்னு பார்த்துக்கிட்டு ஒன்பது வாரம் உட்கார முடியாது, வெட்டட்டும் என்றார். அவர் முடிவு அது. நான் தலையாட்டிவிட்டு, ஆஸ்பத்திரித் தாளில் அவர் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.

புதன்கிழமை உன் வீடியோவை எடுத்துக்கொண்டு நான் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். சித்தப்பாவுக்கு அனுப்பினதை எனக்கும் அனுப்பியிருந்தாயே, அதுதான். என் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை, நோயாளி எங்கே என்று கேட்கிறார்கள், நோயாளி வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றேன், அப்படியெல்லாம் பார்க்க முடியாது என்றாள் சீட்டுக் கொடுக்கிற பெண். எட்டு மணியிலிருந்து நின்று மத்தியானம் மருந்து டாக்டர் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறபோது வாசலில் மறித்துவிட்டேன். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார், அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் நின்றார் என்று நினைக்கிறேன். போனை அவர் கையில் கொடுத்து, என் மக அனுப்பியிருக்கா சார், இதைப் பார்த்துட்டு உண்மையா பொய்யான்னு மட்டும் சொல்லுங்க என்றேன். நடைபாதையிலேயே நின்று முழுசாகப் பார்த்தார். அப்புறம் சொன்னார், "அம்மா, இதுல அவங்க பொய் சொல்லலை. ஆனா இது வேற ஜாதி. இடம்தான் ஒண்ணு, நோய் ஒண்ணு இல்லை. அந்த ஜாதி வேகமா வளரும், மருந்து ஏத்தினா வேகமா கரையும். அதுக்கு முதல்ல மருந்துதான், நானே அதைத்தான் குடுப்பேன். உங்க கொழுந்தனாருக்கு வந்தது அது இல்லை." வீடியோவில் கடைசியில் காட்டுகிறார்களே, வெளிநாட்டுப் புது மிஷின், அதையும் கேட்டேன். அது கரண்டிலேயே ஒரு புது வகை, கண்ணையும் மூளையையும் சுடாமல் குறி பார்த்து வைக்கிறது, நல்லதுதான், ஆனால் கட்டியை எடுத்த பிறகு வைப்பதற்கு, எடுப்பதற்குப் பதிலாக இல்லை என்றார். அப்படியானால் என் வீட்டுக்காரர் ஏன் பிழைக்கவில்லை என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, மேல் ஓரம் சுத்தமாக வரவில்லை, மூளையைச் சுற்றி இருக்கிற ஜவ்வை அது முன்னாலேயே தொட்டுவிட்டது, தெரிந்த வரைக்கும் எடுத்தோம் என்றார். சித்தப்பாவுக்கு மேலே எலும்பு இன்னும் சுத்தமாக இருக்கிறது, ஒரு நகக்கனம் இடைவெளி இருக்கிறது, கண்ணுக்கு அடியில் இருக்கிற எலும்பைத் தள்ளியிருக்கிறதே தவிரத் துளைத்துக்கொண்டு போனதாக ஸ்கேனில் தெரியவில்லை, திறந்து பார்த்தால்தான் நிச்சயம், கண்ணைக் காப்பாற்றவும் வழி இருக்கிறது என்றார். அந்த நகக்கனம் எத்தனை நாள் நிற்கும் என்றேன். அதைத்தான் என்னால் சொல்ல முடியாது என்றார். இவ்வளவையும் கேட்டு வர எனக்கு நாலு மணி நேரம் நின்ற கால் வலி. நீ ஒரு விரலால் தட்டி அனுப்பினது அது.

உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை, ஆனாலும் திட்டுகிறேன். நீ வந்தது கடைசிப் பதினோரு நாள். நீ பார்த்தது படுக்கையில் கிடந்த அப்பாவை. கட்டி திரும்பி வந்து, பேச்சு குழறி, கட்டு நனைந்து, வாடை அடித்து, நீ முதல் நாள் வாசலிலேயே நின்றுவிட்டாயே, அந்த முகத்தை. அதைப் பார்த்த கண்ணோடு நீ விமானம் ஏறிப் போனாய், அதுவேதான் அப்பா என்று உன் மனசில் பதிந்துவிட்டது. அதற்கு முன்னால் ஒரு வருஷம் இருந்தது என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. நான் போனில் சொன்னபோதெல்லாம், அப்பாவை வீடியோவில் காட்டாதே அம்மா, என்னால் பார்க்க முடியாது என்றாய். சரி என்று நானும் காட்டவில்லை. அது என் தப்பு. காட்டியிருந்தால் நீ சித்தப்பாவிடம் இப்படிப் பேசியிருக்க மாட்டாய்.

நான் பார்த்தது பதினாலு மாசம். முதல் மூன்று மாசம் நரகம், மறைக்கவில்லை. தொடையிலிருந்து சதை எடுத்து முகத்தில் வைத்துத் தைத்தார்கள், நடக்கவும் முடியாது மெல்லவும் முடியாது. கரண்டு வைத்து வாயெல்லாம் வெந்துபோய், தண்ணீரைக்கூட மூக்கில் விட்ட குழாய் வழியாகத்தான் கொடுத்தேன். அந்த நாட்களில் நான் டாக்டரையும் சபித்தேன், அப்பாவையும் சபித்தேன். அப்புறம் மெல்ல மெல்ல வாய் ஆறியது. ஒரு நாள் பத்து மணிக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கண்ணை எடுத்த இடத்தில் கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். நான் போகாதீங்க என்று பின்னாலேயே ஓடுகிறேன். பட்டறையில் எல்லாரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு நிற்கிறார்கள், எங்கே பார்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா நேராகப் போய் ஒரு நீளப் பலகையை எடுத்து, கோணல் இருக்கிறதா என்று ஓரத்தில் கண் வைத்துப் பார்த்தார். "முப்பது வருஷமா இதுக்கு ஒரு கண்ணை மூட வேண்டியிருந்துச்சு, இனிமே அந்த வேலை மிச்சம்" என்றார். அவ்வளவுதான், ஒருத்தன் சிரிக்க, எல்லாரும் சிரித்து, ஒருத்தர் அழுது, டீ வந்தது. அதிலிருந்து எட்டு மாசம் தினமும் அரை நாள் போனார். ஆழம் தெரியாமல் சுத்தியலை ரெண்டு தடவை விரலில் போட்டுக்கொண்டார். டீயை ஊற்றினால் டம்ளருக்கு வெளியே ஊற்றுவார். பிறகு விரலை டம்ளர் விளிம்பில் வைத்துக்கொண்டு ஊற்றப் பழகிக்கொண்டார். அந்த எட்டு மாசத்தில்தான் உனக்கு அனுப்பிய அந்தச் சின்ன ஸ்டூலைச் செய்தார். அதை நீ கடையில் வாங்கினது என்று நினைத்தாயாமே.

இன்னொன்று எழுத வேண்டும், இது உனக்குச் சிரிப்பு வரும். மேல்வாயில் எடுத்த இடம் ஓட்டையாக இருக்கும், சாப்பிட்டால் மூக்கில் வரும், பேசினால் காற்றுப் போகும், அதற்கு ஒரு பிளேட்டு செய்து கொடுப்பார்கள், பல் செட்டு மாதிரி மாட்டிக் கழற்றலாம். முதலில் செய்து கொடுத்தது ஒரு ஓரத்தில் உரசிக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லுங்கள், சரி பண்ணித் தருவார்கள் என்றேன். உன் அப்பா கேட்பாரா? மரமாவது பிளேட்டாவது, உரசுகிற இடத்தைத் தேய்த்தால் சரியாகிவிடும் என்று நைசான உப்புத்தாளை எடுத்து ஒரு காலைப் பொழுது முழுக்கத் தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்த்தார், தடவிப் பார்க்கிறார், தேய்க்கிறார், பாலிஷ் போட்ட மாதிரி பளபளவென்று வைத்துவிட்டார். மாட்டிக்கொண்டு, பார்த்தியா பட்டு மாதிரி உட்கார்ந்திருக்கு என்றார். அன்றைக்கு மத்தியானம் குடித்த சூப் பூராவும் மூக்கு வழியாகச் சட்டையில் வந்துவிட்டது. நான் கோபத்தில் ரெண்டு நாள் பேசவில்லை. பிளேட்டு செய்கிற பெண் சின்ன வயசு, அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஐயா இவ்வளவு சுத்தமா எங்க லேபில யாருக்கும் தேய்க்க வராது, ஆனா நீங்க தேய்ச்சது தேய்க்கக்கூடாத இடம் என்றாள். அதற்குப் பிறகு புதிதாக ஒன்று செய்தபோது, எந்த ஓரத்தைத் தேய்க்கலாம் எதைத் தொடக்கூடாது என்று பென்சிலால் கோடு போட்டு அவரிடமே கொடுத்துவிட்டாள். அந்த இரண்டாவது பிளேட்டைப் போட்டுக்கொண்டு அப்பா தெளிவாகப் பேசினார், கெட்டியான சாப்பாடு சாப்பிட்டார், என்னைத் திட்டினார். போனில் உன்னோடு அப்போது பேசியது அந்தப் பிளேட்டைப் போட்டுத்தான், உனக்கு வித்தியாசமே தெரியவில்லை இல்லையா.

நேற்று சித்தப்பா வீட்டுக்குப் போனேன். அவர் ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உன் சித்தி அழுக்குத் துணியை மடித்து மடித்துப் பிரிக்கிறாள், பிரித்து மடிக்கிறாள். வாங்கக்கா என்றுகூடச் சொல்லவில்லை, அவளுக்கு என் மேலேயும் கோபம், நான்தானே இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன், தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்கு இருக்கிறது. டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். நகக்கனத்தைச் சொன்னேன். அந்த வீடியோவில் இருக்கிறது வேறு ஜாதி என்றேன். ஏதாவது கேட்பார் என்று பார்த்தால், தெரியும் அண்ணி, தெரியும் அண்ணி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒருத்தர் தெரியும் தெரியும் என்றால் கேட்கவில்லை என்று அர்த்தம். எனக்குப் பொறுக்கவில்லை, தெரிஞ்சா ஏன் தம்பி போன் பண்ணி வேண்டாம்னீங்க என்று சத்தம் போட்டேன். அப்போதுதான் திரும்பினார். கண் இன்னும் கொஞ்சம் மேலே தள்ளியிருக்கிறது, நான் போன தடவை பார்த்ததைவிட. கேட்டார்:

"அண்ணன் ஒரு நாளாவது வெட்டாம இருந்திருக்கலாம்னு சொன்னாரா? எங்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லுங்க அண்ணி."

சித்தி துணியை மடிப்பதை நிறுத்திவிட்டாள். இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே சரியென்று சொல்லியிருப்பார். என் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் உன் அப்பா சொன்னார். ரெண்டு தடவை சொன்னார். ஒன்று, கரண்டு வைத்து வாய் வெந்து கிடந்த மூன்றாவது வாரம், எழுதிக் காட்டினார். இன்னொன்று, நீ வந்த முதல் நாள், நீ வாசலில் நின்றுவிட்டு வெளியே ஓடின பிறகு. அதை உனக்குச் சொல்லக்கூடாது என்றுதான் இத்தனை நாள் வைத்திருந்தேன், இப்போது எழுதிவிட்டேன், நீயும் சுமந்துகொள். சித்தப்பாவிடம் ரெண்டையும் சொன்னேன். அதோடு, இந்த ரெண்டு நாளையும் விட்டுட்டு மிச்ச நாளெல்லாம் அவர் சொல்லலை தம்பி, மிச்ச நாள் நிறைய இருந்துச்சு என்றேன். சித்தி உள்ளே போய் எனக்கு ஒரு டம்ளர் டீ கொண்டு வந்து வைத்தாள். அது ஒன்றுதான் நடந்தது. நான் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இதைப் படித்ததும் சித்தப்பாவுக்குப் போன் பண்ணு. வெட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டாம், அதைச் சொல்ல நீ யார் நான் யார். நான் பார்த்தது பதினோரு நாள்தான் சித்தப்பா, மீதியை எனக்குத் தெரியாது என்று மட்டும் சொல். அழாமல் சொல். உன் அழுகை அவருக்குக் கத்தியைவிடப் பயமாக இருக்கிறது. அவர் உன்னைப் பெற்ற பிள்ளையைவிட மேலாக வைத்திருக்கிறார், நீ படம் வரைந்து பாலம் கட்டுகிறவள், நீ சொன்னால் அளந்துதான் சொல்வாய் என்று நம்புகிறார். அந்த நம்பிக்கை உனக்குச் சும்மா வந்ததில்லை, அளக்காமல் சொல்லாதே.

வேறு விஷயம் என்ன. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, குழாய்க்காரர் நாளைக்கு நாளைக்கு என்கிறார், அவருடைய நாளைக்கு ஒரு மாசமாக வரவில்லை. தையல்கார அக்காவின் மகள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நீ காலையில் சாப்பிடாமல் கிளம்புகிறாயாம், மாப்பிள்ளை சொன்னார், அவர் கோள் சொல்லவில்லை, நான்தான் குடைந்து கேட்டேன். ரொட்டியாவது தின்றுவிட்டுப் போ. நாற்காலியில் வளைந்து உட்காராதே, இடுப்பு அதனால்தான். இந்தக் கடிதத்தைப் பார்த்து என்மேல் கோபம் வந்தால் வரட்டும், கோபத்தோடேயே போன் பண்ணு, ஆனால் திங்கள் மத்தியானத்துக்கு முன்னால் பண்ணு. உங்கள் நேரமும் எங்கள் நேரமும் வேறு, கணக்குப் பார்த்துப் பண்ணு. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட ஆயுசோடு நன்றாக இருக்க வேண்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, திட்டுகிறபோதும் உண்டு.

இப்படிக்கு,
கோபமாக இருந்தாலும் உன்னை நினைத்துக்கொண்டே இருக்கிற
உன் அம்மா

இதை மடித்து வைத்துவிட்டுத் தையல்கார அக்காவுக்காகக் காத்திருந்தபோது உன் சித்தி மூச்சு வாங்கப் படியேறி வந்தாள். சித்தப்பா ஒத்துக்கொண்டாராம். ஆனால் ஒரு நிபந்தனை. ஆஸ்பத்திரித் தாளில் அவர் கையெழுத்துக்குக் கீழே வீட்டு ஆள் ஒருத்தர் போட வேண்டும் இல்லையா, அதைச் சித்தி போடக்கூடாதாம், அண்ணி போட்டாத்தான் நான் படுப்பேன், அவங்கதான் எல்லாத்தையும் பார்த்தவங்க என்றாராம். எனக்கு வந்த ஆத்திரத்தில், எல்லாத்தையும் என் தலையிலேயே கட்டுங்க என்று அவளைப் பார்த்துக் கத்திவிட்டேன். பாவம், அவள் நின்று அழுதாள். அப்புறம், கையெழுத்துப் போட வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை காலையில் போகிறோம். இருந்தாலும் நீ போன் பண்ணு, அவர் மனசு மறுபடி மாறக்கூடாது. எனக்கு இந்த ஒன்றை மட்டும் சொல் சிராய், நீ படித்தவள், அளக்கத் தெரிந்தவள். உன் அப்பாவுக்கு நான் போட்ட கையெழுத்துக்குப் பதினாலு மாசம் ஆயுசு இருந்தது, திங்கட்கிழமை நான் போடப் போகிற கையெழுத்துக்கு எவ்வளவு?